தென்வேலிக்கு அப்பாலிருந்த கிணறு

1983 செப்டெம்பர். மனைவியும் நானும் கொழும்பை விட்டு, வட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள அவரது சீதன வீட்டுக்குத் திரும்பினோம்.

1984 ஜனவரி. உள்ளூர்ச் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பொறுப்பேற்றேன். கட்டட விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை.

1985 மார்ச். வீடு கட்டுவோரும் திருத்துவோரும் பின்பற்ற வேண்டிய நீர், ஒளிச் சிக்கன விதிகளை எழுதி முடித்தேன். சபை ஏற்றுக்கொண்டது.

1985 ஓகஸ்ட். வீட்டோடு சேர்த்துக் குளியலறையும் மலசலகூடமும் கட்ட அனுமதி கேட்டு என் மனைவி விண்ணப்பித்தார். நிராகரித்தேன். காரணம்: மலக்குழிக்கும் தெற்குக் காணியிலுள்ள கிணற்றுக்கும் இடையே முப்பத்தொரு அடி. விதி ஐம்பது அடி.

1989 பெப்ரவரி. இரண்டாவது விண்ணப்பம். நிராகரித்தேன். காரணம் மேற்படி.

1990 ஜூன். போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. சீமெந்து வருவதும் நின்றது.

1992 மே. ஓய்வு பெற்றேன்.

1993 நவம்பர். பின்வளவு மலசலகூடத்துக்குப் போகும் பாதையில் மனைவி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

1994 பெப்ரவரி. மனைவி காலமானார்.

1995 ஏப்ரல். தெற்குக் காணியில் கிணறு இல்லை என்பதைக் கண்டேன்.

*

இந்தக் குறிப்புகளை என் கைப்பையில் இருக்கும் கோப்பைப் பார்த்து எழுதினேன். இப்போது தென்மராட்சியில் ஓர் உறவினர் வீட்டில், இன்னும் மூன்று குடும்பங்களோடு இருக்கிறேன். இந்த ஒக்டோபர் இறுதியில், இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமம் பகுதி முழுவதும் எழுந்து நடந்தபோது, மற்றவர்கள் தூக்கக்கூடியதைத் தூக்கினார்கள். நான் இந்தக் கோப்பையும் இரண்டு வேட்டிகளையும் எடுத்துக்கொண்டேன். கோப்பில் இருப்பது ஒரு குளியலறையின் வரலாறு. அது கட்டப்படவில்லை.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். காணி கிழக்கு மேற்காக நீண்டு ஒடுங்கியது. கிழக்கே ஒழுங்கை, சிறு தெரு. வடகிழக்கு மூலையில் எங்கள் கிணறு. நடுவில் வீடு. மேற்கே பின்வளவின் கடைசி மூலையில் மலசலகூடம். குசினிக் கதவிலிருந்து அதற்கு என் நடையில் அறுபத்திரண்டு அடிவைப்புகள். மனைவியின் நடையில் எத்தனை என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. நாங்கள் திரும்பி வந்தபோதே அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் வாதம் இருந்தது. கொழும்பு வீட்டில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இங்கே குளிக்கக் கிணற்றடிக்கும், மற்றத் தேவைக்குப் பின்வளவுக்கும் போக வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு பாதைகளும் பாசி பிடிக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்: தெற்குச் சுவரோடு ஒட்டிய ஓர் அறை.

அதற்குத் தெற்குப் பக்கமே இடம். வடக்கே எங்கள் கிணறு. மற்ற இடங்களில் ஓரடி தோண்டினால் சுண்ணாம்புக்கல். தெற்கு மூலையில் மட்டும் ஆறடிக்கு மண் இருந்தது.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி என்ற விதி நான் கண்டுபிடித்ததல்ல. அது எனக்கு முன்பே இருந்தது. நான் அதைக் கண்டிப்பாக்கினேன். எங்கள் நிலத்தின் கீழ் ஆறு இல்லை, ஏரி இல்லை. வெடித்த கல்லும் அதன் இடுக்குகளில் நிற்கும் மழைத்தண்ணீரும்தான் உண்டு. ஒருவருடைய குழியில் விழுவது, கல் இடம் கொடுத்தால், அடுத்தவருடைய குடத்தில் வந்து சேரும். பதவியேற்ற முதல் வருடத்தில் ஒரே ஒழுங்கையில் நான்கு வீடுகளில் தைபோயிட்டு எனப்படும் நெருப்புக்காய்ச்சல் வந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பதினெட்டு அடி. அதன் பிறகு நான் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மற்ற விதிகள் பன்னிரண்டும் என்னுடையவை. பம்பு வைத்து இறைப்பவர்களால் கிணறுகள் உவர்ப்படையத் தொடங்கியிருந்தன. மின்சாரம் நினைத்த நேரத்தில் நின்றது. ஆகவே, கூரைத் தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடக்கூடாது, பீலி வைத்துத் தொட்டிக்கோ வளவுக்கோ திருப்ப வேண்டும். குளித்த தண்ணீர் வாழைக்குப் போக வேண்டும். யன்னல்களின் பரப்பு தரைப் பரப்பில் ஏழில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. குசினியில் பகலில் விளக்கு எரியாதபடி கண்ணாடி ஓடு பதிக்க வேண்டும். இப்படிப் போகும்.

இவற்றின் செம்பிரதியை எழுதித் தந்தவர் என் மனைவி. அவர் இருபத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். எழுத்து அச்சுப்போல இருக்கும். ஐந்தாவது விதியை எழுதும்போது பேனையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சாருங்கோ, குளிக்கிற தண்ணி வாழைக்குப் போகவேணுமெண்டு சட்டம் போடுறியள். எங்கடை ஆக்களின்ரை தண்ணி இவ்வளவு நாளும் எங்கை போனதெண்டு நினைச்சியள்?"

"எழுதினாத்தான் புது வீடு கட்டுறவை செய்வினம்."

"ஓம், ஓம். வாழைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கோ."

ஐந்து மாதங்களின் பின்னர் அவரது விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. வீடு அவரது சீதனம். உறுதி அவர் பெயரில். எனவே விண்ணப்பதாரர் அவர்தான். படிவத்தை வீட்டில் நிரப்பி, ஒழுங்கை முனையில் தபாற்பெட்டியில் போட்டிருந்தார். என்னிடம் கையில் தந்தால் அது முறையாகாது என்பது அவருக்குத் தெரியும். சபைச் செயலாளர் கோப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஐயா, அக்காவின்ரை விண்ணப்பம். பாத்துச் செய்யுங்கோ. பின்னேரம் வீட்டை போகவேணுமெல்லே."

"எல்லாற்றையும் பாக்கிற மாதிரித்தான் பாப்பன்."

"அதுதான் பயமாயிருக்கு," என்றார் அவர்.

நான் எல்லாருடையதையும் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. இதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. வேறு எந்த விண்ணப்பம் வந்தாலும் நாடாவோடு காணிக்குப் போய், அயற்காணிகளையும் நடந்து பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். அந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் களப்பார்வைக்குப் போகவில்லை. நான் அங்கேயே வசித்தேன். போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? உறுதியோடு இணைந்திருந்த நில அளவைப் படத்தை விரித்தேன். தெற்குக் காணியில், எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி, மையால் ஒரு சிறு வட்டமும் 'கிணறு' என்ற சொல்லும் இருந்தன. அளவுகோலை வைத்தேன். முப்பத்தொரு அடி.

நிராகரிப்புக் கடிதத்தையும் தபாலிலேயே அனுப்பினேன். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, அது என் சாப்பாட்டுக் கோப்பைக்கு அருகில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"'அம்மணி' எண்டு போட்டிருக்கிறியள்," என்றார் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே. "கலியாணம் முடிச்ச இவ்வளவு காலத்திலை ஒருநாளும் கூப்பிடாத மரியாதை."

"அது படிவத்திலை இருக்கிறது."

"கீழை 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' எண்டும் இருக்கு. அதுவும் படிவத்திலை இருக்கிறதுதானே?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு அதோடு முடிந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

தென்வேலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குக் காணிக்காரர் என் மனைவியின் பெரியப்பாவின் மகன். ஒரே காணியைத் தகப்பன்மார் இருவரும் பிரித்துக்கொண்டபோது வேலி ஒரு முழம் தள்ளி அரக்கப்பட்டதாக ஒரு பக்கமும், இல்லை என்று மறு பக்கமும் கோபித்துக்கொண்டன. தகப்பன்மார் போன பிறகும் கோபம் இருந்தது. நான் கரவெட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை. சீதனத்தோடு அந்தப் பேச்சற்ற நிலையும் எனக்கு வந்து சேர்ந்தது. ஆண்கள் நாங்கள் கோயிலில் எதிரெதிரே வந்தால் சுவாமியைப் பார்ப்போம். பெண்கள் வேறு. அவர்களுக்கு வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் இடைவெளி, இருந்தது. கறிவேப்பிலையும் செய்தியும் அதனூடாகப் போய்வந்தன. வேலியோ ஆறடிக்கு மேல், பனையோலையால் நெருக்கமாக அடைத்தது. அயலவரின் வளவுக்குள் ஓர் ஆண் எட்டிப் பார்த்தான் என்றால், அந்தக் கதை அவன் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்கும். பத்து வருடம் நான் அந்த வேலியோரம் நடந்திருக்கிறேன். அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதை மரியாதை என்று கருதினேன்.

1989இல் வந்த இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைப் போன்றதல்ல. வரைபடத்தையும் அவரே கீறியிருந்தார். என்னுடைய பன்னிரண்டு விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தச் சிறிய அறையில் விடை வைத்திருந்தார். கூரையின் தெற்குச் சரிவில் பீலி. பீலியிலிருந்து முழங்கை உயரத்தில் ஒரு தொட்டி. மாரியில் கிணற்றிலிருந்து ஒரு வாளிகூட அள்ள வேண்டியதில்லை. கோடையில் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. கண்ணாடி ஓடு இரண்டு. குளித்த தண்ணீர் சாய்ந்து போய்ச் சேரும் வாழைப்பாத்தியைப் பச்சைப் பென்சிலால் நிறந்தீட்டி, 'விதி 5' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இவ்வளவு சிக்கனமான வரைபடம் என் மேசைக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

குறிப்புகள் எழுதும் கட்டத்தில் ஒரு வரி: 'தெற்குக் காணிக் கிணறு தூர்க்கப்பட்டுவிட்டதாக அறிகிறேன்.'

பக்கத்தில் சிவப்பு மையில் நான் எழுதியிருக்கிறேன்: 'கேள்விப்பட்டது சான்றாகாது. காணி உரிமையாளரின் எழுத்துமூல உறுதிப்படுத்தல் தேவை.' அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது.

அன்று மாலை அவர் கேட்டார்.

"ஒருக்கால் வந்து பாருங்கோவன். எட்டிப் பாக்க வேண்டாம். பொட்டடிக்கு வாங்கோ, நான் ஓலையை விலத்திப் பிடிக்கிறன்."

"அவையின்ரை வளவுக்குள்ளை நான் பாக்கிறதோ? நீர் என்ன கதைக்கிறீர்?"

"கிணறு இல்லையப்பா. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

"தூத்த கிணறெண்டாலும் எப்பிடித் தூத்ததெண்டு தெரியவேணும். குப்பையைக் கொட்டி மூடியிருந்தால் அது குழியிலும் பாக்க மோசம். எழுத்திலை தரட்டும்."

"எழுத்து, எழுத்து! நான் உங்களுக்குச் சோறு போடுறதும் எழுத்திலை வேணுமோ?"

இம்முறை இருவரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்வளவுப் பக்கம் போனார். அவர் திரும்பி வர நேரமெடுத்தது. அவர் அதன் பிறகு அந்த அறையைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

அடுத்த வருடம் மின்சாரம் போனது. சீமெந்துப் பையைக் காண்பதே அரிதாயிற்று. என் விதிகள் ஊரில் கேலிக்குரியவையாக மாறின. சபை கட்டாயப்படுத்தாமலே எல்லாரும் அவற்றைச் செய்தார்கள். ஜாம் போத்தலில் விரல் உயரத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த வீடுகளுக்கு ஒளிச் சிக்கனம் பற்றி நான் சொல்ல என்ன இருந்தது? பம்புகள் எண்ணெய் இல்லாமல் நின்றதால் சில கிணறுகள் மறுபடி நன்னீராயின. அதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

1993 நவம்பரில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலை அவர் பின்வளவுப் பாதையில் விழுந்தார். நான் முன்வாசலில் வானொலியைச் சைக்கிள் டைனமோவில் பூட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது கேட்கவில்லை. தெற்குக் காணிக்காரரின் மனைவிதான் பொட்டினூடாக வந்து அவருக்கருகில் இருந்திருக்கிறார். பிறகு, எங்கள் வீட்டைக் கடந்து வரக் கூசி, ஒழுங்கையால் சுற்றி ஓடிவந்து எனக்குச் சொன்னார். அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

எலும்பு பொருந்த வயது இடம் கொடாது என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். படுக்கையிலேயே மூன்று மாதம். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. வழக்கமாகச் சாம்பல் கரைக்கும் கீரிமலைக்குப் போரால் போக வழியில்லாததால் சாம்பலைத் திருவடிநிலைக் கடலில் கரைத்தோம். எங்கள் ஒரே மகள் வெளிநாட்டில். அவளுக்குக் கடிதம் போய்ச் சேர ஏழு வாரம் ஆயிற்று.

வருடந்தோறும் மழை முடிந்ததும் வேலி அடைப்பார்கள். உறுதியின்படி தென்வேலி எங்களுடையது. அதை அடைப்பது எங்கள் கடமை. ஓலை சொல்லிவைப்பது, ஆள் பிடிப்பது, நின்று பார்ப்பது எல்லாம் மனைவி. 1994இல் வேலி அடைக்கவில்லை. அது அடைக்கப்பட வேண்டியது என்பதே என் நினைவுக்கு வரவில்லை. 1995இலும் வரவில்லை. ஓலைகள் உக்கி, ஒவ்வொன்றாக விழுந்தன.

ஏப்ரலில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றபோது, வேலி இருந்த இடத்தில் கதியால்கள், ஓலை கட்டும் உயிர்க்கம்பங்கள், மட்டுமே நின்றதைக் கண்டேன். கதியால்களுக்கு அப்பால் கூட்டிய முற்றம். நில அளவைப் படத்தில் வட்டம் இருந்த இடத்தில் ஒரு முருங்கை நின்றது. அடிமரம் என் தொடையளவு. நான் வாயைக் கொப்பளித்தேன். உள்ளே போய் நாடாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூலைக்கல்லிலிருந்து அளந்துகொண்டிருந்தபோது தெற்குக் காணிக்காரர் வெளியே வந்தார். தோளில் துவாய்.

"எஞ்சினியர் என்ன அளக்கிறியள்? வேலியை நான் அரக்கேல்லை. வேலியே இல்லை, பாருங்கோ."

"வேலியை அளக்கேல்லை. கிணத்தைத் தேடுறன்."

"கிணறோ?" அவர் முருங்கையைத் திரும்பிப் பார்த்தார். "அது உவர்த்துப்போச்செண்டு தூத்தாச்சு. கல்லும் செம்மண்ணும் போட்டு, வடிவா இடிச்சுத் தூத்தது. நீங்கள் அப்ப கொழும்பிலை. தங்கச்சிக்குத் தெரியுமே."

"அவ சொன்னவ."

"பிறகு?"

"எழுத்திலை கேட்டனான்."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"வருசா வருசம், வேலி அடைக்கேக்கை, பொட்டடியிலை வந்து நிண்டு கேக்கிறவ. 'அண்ணை, கிணறு இல்லையெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ' எண்டு. 'உன்ரை மனுசன் வந்து கேக்கட்டும், தாறன்' எண்டு சொன்னனான்."

"என்னட்டை அவ அதைச் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தால் வந்திருப்பியளோ?"

"வந்திருக்க மாட்டன்."

"தெரியும். நீங்கள் வரமாட்டியளெண்டு தெரிஞ்சுதான் நானும் அப்பிடிச் சொன்னனான்."

நாடாவின் மறுமுனை இன்னும் மூலைக்கல்லில் கிடந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, நான் காட்டிய குழிக்குரிய இடத்தில் இழுத்துப் பிடித்தார். அங்கிருந்து முருங்கை வரைக்கும் அளந்தோம். முப்பத்தொரு அடி. நில அளவையாளர் பிழைவிடவில்லை. பின்னர் அதே இடத்திலிருந்து எங்கள் கிணற்றுக்கு அளந்தோம். அறுபத்தேழு அடி. சுற்றுவட்டாரத்தில் வேறு கிணறு இல்லை.

"இண்டைக்கு எழுதித் தரட்டோ?" என்று கேட்டார்.

"தாருங்கோ."

"இப்ப என்னத்துக்கு?"

"கோப்பிலை போடவேணும்."

அவர் தம் வீட்டிலிருந்து கொப்பித் தாளொன்று கொண்டுவந்து, முருங்கையடியில் குந்தியிருந்து எழுதினார். கிணறு எந்த வருடம், எதைக் கொண்டு தூர்க்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுவித்தேன். திகதி இட மறந்தார். நினைவூட்டினேன்.

அந்த விதி சரியானது. இன்றும் அதை அப்படியே எழுதுவேன். பிழை விதியில் இல்லை. நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. பார்த்தவர் சொன்னதை எடுத்துக்கொள்ளவுமில்லை.

அந்தக் கடிதத்தோடு ஒரு விண்ணப்பமும் எழுதிக்கொண்டு சபைக்குப் போனேன். என் காலத்துச் செயலாளர் இன்னும் இருந்தார். தலை நரைத்திருந்தது. என் விண்ணப்பத்தை இரண்டு முறை வாசித்தார்.

"ஐயா, இப்ப கட்டப்போறியளோ? சீமெந்துக்கு எங்கை போறது?"

"கட்டுறதுக்கில்லை."

"பிறகு ஏன்?"

"பதிவேட்டிலை அவவின்ரை விண்ணப்பம் விதிக்கு மாறானதெண்டு இருக்கு. அது பிழை. திருத்தவேணும்."

"காலமான ஆளின்ரை விண்ணப்பத்தை அங்கீகரிக்க ஏலாது, ஐயா."

"அங்கீகரிக்கச் சொல்லேல்லை. நிராகரிச்ச காரணம் பிழையெண்டு எழுதுங்கோ. பிழைவிட்டது நானெண்டும் எழுதுங்கோ."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அக்கா ஒருநாள் இஞ்சை வந்தவ, ஐயா. நீங்கள் வெளியிலை அளக்கப் போயிருந்த நேரம். உங்களை மாத்தி வேறை ஆளைக்கொண்டு அளப்பிக்கட்டோ எண்டு நான்தான் கேட்டனான். வேண்டாமெண்டிட்டா. 'அவருக்கு மேலாலை போனால் அவருக்குச் சரியில்லை' எண்டு சொன்னவ."

விண்ணப்பத்தைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். ஜூலையில் கூட்டம் கூடவில்லை. ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் கூடவில்லை. ஒக்டோபர் இறுதியில் நாங்கள் எல்லாரும் நடந்தோம். தெற்குக் காணிக்காரரும் அவர் மனைவியும் எனக்கு முன்னால் போனார்கள். செம்மணி வெளியில் மழை பெய்தது. அவர் திரும்பிப் பார்த்து, என் பையைத் தம் சைக்கிளில் கட்டிக்கொண்டார். கோப்பு நனையாமல் இங்கே வந்தது அப்படித்தான்.

*

செய்யாமல் விட்டவை:

சபைப் பதிவேட்டில் 1985, 1989ஆம் ஆண்டுகளின் இரண்டு பதிவுகளையும் திருத்துவித்தல்.

நில அளவைப் படத்தில் கிணற்றின் வட்டத்தை வெட்டிக் கையொப்பமிடுதல்.

விதிகளில் பதின்மூன்றாவதாகச் சேர்த்தல்: அலுவலரின் சொந்த வீடாயினும் களப்பார்வை கட்டாயம்.

அவர் கீறிய வரைபடத்தின் பிரதியொன்றை மகளுக்கு அனுப்புதல். பச்சைப் பென்சில் வாங்க வேண்டும்.

தென்வேலி அடைத்தல். பொட்டை விட்டு அடைக்க வேண்டும்.

பின்வளவுப் பாதையில் பாசி சுரண்டுதல்.